பழுப்பு நிறக் குளம்

இது கதை இல்லை. நடந்தது. எனக்கு நடந்தது.

பேய் என்றதும் நடுராத்திரி, நாய் ஊளை, கரண்ட் கட் என்றெல்லாம் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். ஏமாந்தீர்கள். இது மே மாதத்து உச்சி வெயிலில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் நடந்தது. பக்கத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. போனில் டவர் முழுதாக இருந்தது. அப்படியும் நடந்தது. அன்றிலிருந்து எனக்குப் பகல் என்றால்தான் பயம். ராத்திரியில் நன்றாகவே தூங்குகிறேன்.

என் பெயர் மீனலோசினி. ஊர் சங்கரன்கோவில். தாவரவியல் படித்துவிட்டு, நில வரைபடம் தயாரிக்கும் ஒரு தனியார் கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்க்கிறேன். என்ன வேலை என்று இன்றுவரை என் சொந்தக்காரர்கள் ஒருவருக்கும் புரிந்ததில்லை. உங்களுக்காவது புரியும்படி சொல்லிவிடுகிறேன். ஒரு வட்டாரத்தில் எது விளைநிலம், எது மேய்ச்சல் நிலம், எது புதர்க்காடு, எது நீர்நிலை என்று பிரித்து வரைபடத்தில் நிறம் கொடுக்க வேண்டும். விளைநிலம் மஞ்சள். மேய்ச்சல் பச்சை. புதர்க்காடு பழுப்பு. நீர்நிலை நீலம். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரே முதலில் ஒரு நிறம் போட்டுவிடும். அது சரிதானா என்று வெயிலில் போய்ப் பார்த்து வருவதுதான் என் பிழைப்பு. தண்ணீரை எங்கே தேக்குவது, எங்கே மரம் நடுவது, எங்கே வீடு கட்டுவது என்று மேலே இருப்பவர்கள் அந்த நிறத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

என்னோடு வந்தவன் இசக்கித்துரை. திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காட்டுப் பையன். பைக் ஓட்டுவான், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த அளவுக்கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பான், நிறுத்தாமல் பேசுவான். மனைவி பொன்செல்வியும் மூன்று வயது மகளும் சங்கரன்கோவிலில் ஒரு தகரக் கூரை வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். வெயில் காலத்தில் அந்தத் தகரத்துக்குக் கீழே பிள்ளை உடம்பெல்லாம் வேர்க்குரு. அதைச் சொல்லும்போது மட்டும் அவன் பேச்சு கொஞ்சம் நிற்கும்.

அன்றைக்கு நாங்கள் பார்க்கப் போனது ஒரு பழைய குளம். குருவிகுளத்துக்கும் திருவேங்கடத்துக்கும் நடுவில். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே பைக்கை எடுத்துக்கொண்டு வீடியோ எடுக்க வந்துவிடுவீர்கள்.

குளம் என்று பேர்தான். மேலே ஓடையை மறித்துச் சாலை போட்ட பிறகு பதினெட்டு வருஷமாக ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. உள்ளே முழுக்கச் சீமைக்கருவேலம். கம்ப்யூட்டர் அதைப் புதர்க்காடு என்று பழுப்பு அடித்து வைத்திருந்தது. நான் சரி என்றால் அது பழுப்பு. அங்கே நாற்பது குடும்பங்களுக்கு இலவச வீடு கட்டுவதாக ஏற்பாடு. நான் நீலம் என்றால் அங்கே ஒரு செங்கல்லும் வைக்க முடியாது.

அந்த நாற்பது பேரில் பொன்செல்வியின் பெயரும் இருந்தது.

"பழுப்புதானக்கா?" வண்டியை நிறுத்தும்போதே கேட்டான்.

"பாத்துட்டுச் சொல்லுதேன்."

"என்னத்தப் பாக்க? கண்ணு முன்னால காடா நிக்கி."

அவன் சொன்னது நியாயம்தான். பார்த்தால் காடுதான். ஆனால் கரையில் ஏறி நின்றதும் எனக்கு ஒன்று உறுத்தியது. எங்கள் பக்கத்தில் கருவேலத்தை யாரும் விட்டு வைக்க மாட்டார்கள். வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரியில் ஏற்றிவிடுவார்கள். இங்கே பதினெட்டு வருஷத்தில் ஒரு கிளையைக்கூட யாரும் வெட்டியிருக்கவில்லை.

இன்னொன்று. கரையில் ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும், ஆறுமுகத்தாய் என்று பேர். கீழே மரத்தடியெங்கும் கருவேலங்காய் முற்றிக் காய்ந்து நெத்தாக உதிர்ந்து கிடந்தது. நெத்தைக் கண்டால் ஆடு பறக்கும். அவள் ஆடுகள் கரையின் ஓரத்தில் வரிசையாக நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை.

"ஆடு ஏன் கீழ போவல?" என்று கேட்டேன்.

"போவாது." வெற்றிலையை மென்றபடியே சொன்னாள். "போனா நீந்தணும்லா."

இசக்கித்துரை விழுந்து விழுந்து சிரித்தான்.

அவள் கோபப்படவில்லை. அந்த ஊரில் யாரும் குளத்துக்குக் குறுக்கே நடக்க மாட்டார்களாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடக் கரையைச் சுற்றித்தான் போகுமாம். இறங்கியே தீர வேண்டும் என்றால் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு இறங்குவார்களாம். கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளைகளுக்குக் கட்டிவிடுவார்களே, அதே குடுக்கை. அவளிடமும் ஒன்று இருந்தது. கயிற்றோடு எடுத்து நீட்டினாள்.

"கட்டிக்கிட்டுப் போ தம்பி."

"கருவேல மரத்துல நீச்சலடிக்கவா?"

"போன வருசம் அளக்க வந்தவரும் இப்பிடித்தான் சிரிச்சாரு."

"அவருக்கு என்ன ஆச்சு?" என்றேன் நான்.

"ஒண்ணும் ஆவல. அவருக்கு நீச்சத் தெரியும்."

இசக்கித்துரை வேடிக்கைக்காக அதை வாங்கி முதுகில் கட்டிக்கொண்டான். போட்டோ எடுக்கச் சொல்லிப் பொன்செல்விக்கு அனுப்பினான். 'நம்ம வீட்டு வாசல்' என்று கீழே எழுதினான்.

எங்கள் வேலை முறை இதுதான். நான் கரையில் முக்காலி வைத்து, தொலைநோக்கி பொருத்திய கருவியோடு நிற்பேன். அவன் கோலோடு உள்ளே போய் மூன்று இடத்தில் நிற்க வேண்டும். கரையோரம் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியாக எதிர்க்கரை மடைக்குப் பக்கத்தில் ஒன்று. மடையடிதான் இருப்பதிலேயே பள்ளம். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு போனிலேயே பேசிக்கொள்வோம்.

முதல் இடத்தில் நின்றான். கருவியில் மணி 12:05.

"மண்ணு எப்பிடி இருக்கு?"

"காஞ்சு வெடிச்சுக் கெடக்கு. பாருங்க." காலால் ஓங்கி உதைத்தான். புழுதி பறந்தது. என் கண்ணால் பார்த்தேன். புழுதி.

நடுப்பகுதியை நோக்கி நடந்தான்.

அவன் நடை மாறியிருந்தது. இசக்கித்துரை எப்போதும் வேகமாக நடப்பவன். இப்போது ஒவ்வொரு காலையும் உயர்த்தி, நிதானமாக ஊன்றி வைத்தான். முள்ளுக்குப் பயந்து போகிறான் என்று நினைத்தேன். கொஞ்ச தூரத்தில் நின்று, குனிந்து, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினான்.

"ஏலே, முள்ளுக்குள்ள எதுக்குப் பேண்ட்ட மடக்குத?"

"நானா? மடக்கலையே."

தொலைநோக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இரண்டு காலும் மடக்கித்தான் இருந்தது.

நடு இடத்துக்கு வந்து கோலை நட்டான். அளவு குறித்துக்கொண்டேன். அவன் கோலைப் பிடுங்கித் தூக்கியபோது அதன் கீழ்ப்பாதி கறுத்துப் பளபளத்தது. நனைந்த மரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"கோல்ல என்ன ஈரம்?"

"ஈரமா? இங்கன எச்சி துப்பினாக் கூட உறிஞ்சிரும் போல இருக்கு." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "ஆனா குளுகுளுன்னு இருக்குக்கா. வெயிலே தெரியல."

அவன் குரல் மாறியிருந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் நின்று பேசுவதுபோல் இருந்தது.

அப்போது ஒரு மீன்கொத்தி வந்தது. குளத்துக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. இறக்கையை ஒடுக்கிக்கொண்டு தலைகீழாகப் பாய்ந்து மரங்களுக்கு நடுவே மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தது. அலகில் வெள்ளையாக ஏதோ துடித்தது.

திரும்பினேன். ஆறுமுகத்தாய் எழுந்து நின்றிருந்தாள். வெற்றிலை மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

"அந்தப் பிள்ளையக் கூப்புடு," என்றாள்.

"இசக்கி, போதும். மேல வா."

"இன்னும் ஒரு இடம்தானக்கா. முடிச்சுட்டு வந்துருதேன். இன்னொரு நாளு வெயில்ல வரணுமா?"

"வான்னு சொல்லுதேன்லா."

"அக்கா, நீங்க நீலம்னு எழுதிருவியளோன்னு பயமா இருக்கு. மடையடி வரைக்கும் காஞ்சுதான் கெடக்குன்னு காமிச்சிருதேன். அப்புறம் யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்லா?"

அதற்கு மேல் நான் என்ன சொல்வது? அவனுக்கு வீடு வேண்டும். நடந்தான்.

போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்காது.

கண்ணாடியில் அவன் சட்டை இடுப்பைச் சுற்றி உப்பியது. கீழ் விளிம்பு குடைபோல் விரிந்து மேலே எழும்பி, மெல்ல அலைந்தது. மரத்தில் ஒரு இலை அசையவில்லை. காற்றே இல்லை.

கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தேன். வெறும் கண்ணில் பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது.

"காதை அடைக்குக்கா..."

ஆறுமுகத்தாய் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அவனுக்கு நீச்சத் தெரியுமா? கேளு!"

"இசக்கி, உனக்கு நீச்சல் தெரியுமாலே?"

சிரித்தான். "கரிசக்காட்டுக்காரனுக்கு நீச்சல் எதுக்குக்கா?"

மணி 12:27.

"இந்தக் கருமம் முள்ளுல மாட்டிக்கிட்டே இருக்கு," என்றான். "அவுத்துப் போடுதேன்."

"அவுக்காத!"

"என்னது?"

"குடுக்கைய அவுக்காதலே! அவுக்காத!"

அவிழ்த்துவிட்டான்.

குடுக்கை கீழே விழவில்லை.

மேலே போனது.

அவன் முகத்துக்கு நேராக எழும்பி, தலையைத் தாண்டி, மர உச்சி வரை போனது. அங்கே நின்றது. வெறும் காற்றில், எங்கள் கரைக்கு ஒரு முழம் கீழே, லேசாக ஆடிக்கொண்டு நின்றது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, மடையை நோக்கி மிதந்து போனது.

இசக்கித்துரையும் அண்ணாந்து அதைப் பார்த்தான்.

அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"அக்கா..."

"ஏறி வாலே! திரும்பி வா!"

"அக்கா, கால் எட்டல..."

கோலை விட்டுவிட்டான். இரண்டு கையையும் அடித்தான். தலையை மேலே மேலே தூக்கினான். வெயில் அவன் முகத்தில் சுள்ளென்று அடித்தது. மண் அவன் காலுக்குக் கீழே வெடித்துக் கிடந்தது. கால் மண்ணைத் தொடவில்லை.

நான் கரையில் இறங்கி ஓடினேன். நாலடி போயிருப்பேன். கணுக்காலில் ஜில்லென்றது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த அடியில் முழங்கால் கனத்தது. அடுத்த அடி... பின்னலைப் பிடித்து யாரோ சுண்டி இழுத்தார்கள். மல்லாக்க விழுந்தேன். ஆறுமுகத்தாய். விடவே இல்லை. முடியைப் பிடித்தபடியே என்னைக் கரைமேல் இழுத்தாள். நான் அவளை அறைந்தேன், கடித்தேன். விடவில்லை.

போன் கட் ஆகவில்லை.

அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. போன் கட் ஆகவே இல்லை.

"அக்கா... பாப்பா..."

க்ளுக்.

"அக்..."

க்ளுக்... க்ளுக்... க்ளுக்...

பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அவன் கை அசைவது நின்றது. உடம்பு தலைகீழாக, அவசரமே இல்லாமல், இலை விழுவதுபோல் இறங்கித் தரையில் படிந்தது. மணி 12:31.

ஊரிலிருந்து நாலு பேர் வந்தார்கள். யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆளுக்கு இரண்டு குடுக்கை கட்டியிருந்தார்கள். கயிற்றைக் கரையில் வேப்பமரத்தில் முடிந்துவிட்டு இறங்கினார்கள். தூக்கி வந்து கரையில் கிடத்தினார்கள்.

சட்டை காய்ந்து மொடமொடவென்று இருந்தது. பேண்ட்டில் புழுதி. தலைமுடி காய்ந்திருந்தது. ஒரு இடத்தில்கூட ஈரமில்லை.

குப்புறப் புரட்டினார்கள். வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. நிற்காமல் கொட்டியது. பச்சைப் பாசியோடு கொட்டியது. அந்தத் தண்ணீரில் அயிரை மீன் குஞ்சு ஒன்று வந்து விழுந்து, கொதிக்கிற மண்ணில் துள்ளியது.

ஆறுமுகத்தாய் அதை இரண்டு விரலால் எடுத்தாள். குளத்துக்குள் வீசினாள்.

புழுதியில் விழவில்லை. 'ப்ளக்' என்று சத்தம் கேட்டது. தண்ணீரில் விழுகிற சத்தம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எந்தக் கிணத்துல இருந்து எடுத்தீங்க?" என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். எனக்கு ஒரு ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். கடைசியில் கிணறு என்றுதான் எழுதினார்கள். அந்தக் குளத்தைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் கிணறே கிடையாது.

நான் அந்த இடத்துக்கு நீலம் போட்டேன்.

என் மேலாளர் சுயம்புலிங்கம் கெட்டவர் இல்லை. அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகப் பேசினார்.

"பதினெட்டு வருசத்துப் படம் இருக்கும்மா. எதுலயாவது ஒரு சொட்டுத் தண்ணி காட்டு. நான் நீலம் போட்டுருதேன்."

காட்ட முடியவில்லை. மனசு சரியில்லாத நேரத்தில் எடுத்த அளவு என்று என் அளவுகளைத் தள்ளிவிட்டார்கள். வரைபடம் அச்சாகி வந்தது. அந்த இடம் பழுப்பு.

புல்டோசர் போய் ஒரே வாரத்தில் மரங்களைப் பிடுங்கியது. ஓட்டிய ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அஸ்திவாரம் தோண்டினவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாற்பது வீடும் வரிசையாக எழும்பின. அதைப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வெயிலில் மூளை கலங்கிப் போனது நான்தானோ என்று.

புருஷனை இழந்தவள் என்று இரக்கப்பட்டு முதல் சாவியைப் பொன்செல்விக்குக் கொடுத்தார்கள். மடையடியில் முதல் வீடு.

அவள் குடி போவதற்கு முன்னால் நான் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றைக்கூட மறைக்கவில்லை. போனில் கேட்ட சத்தம் வரை சொன்னேன். தகரக் கூரைக்குக் கீழே, மகளை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணீர் வழிய முழுதும் கேட்டாள். பிள்ளையின் முதுகு முழுக்கச் சிவப்பாக வேர்க்குரு.

"நான் வேற எங்கனக்கா போவேன்?" என்றாள்.

உங்களிடம் இதற்குப் பதில் இருக்கிறதா?

தை மாதம் பால் காய்ச்சினாள். நானும் போனேன். நல்ல வீடு. கான்கிரீட் கூரை. பிள்ளைக்கு வேர்க்குரு ஆறிவிட்டது. பேய், பிசாசு எதுவும் அங்கே இல்லை. அக்கம்பக்கத்தில் யாரும் எதையும் பார்த்ததில்லை. நாலு மாதம் நிம்மதியாகப் போனது.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் பொன்செல்வி போன் செய்தாள். குரலில் பயமில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, ஒரு கூத்தக் கேளுங்க. பாப்பா மத்தியானம் தூங்கையில குப்புறப் படுத்துக்கிட்டுக் கையையும் காலையும் அடிச்சுக்கிட்டே கெடக்கா. ஒரு வாரமா இதான். நீச்ச அடிக்கேங்கா. யாருட்டி ஒனக்குப் பழக்குனான்னு கேட்டேன். அப்பாங்கா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"வயித்துக்கு அடியில கையக் குடுத்துத் தாங்கிக்கிடுதாவளாம். பயப்படாத, நான் பிடிச்சிருக்கேன்னு சொல்லுதாவளாம். அவிய நெனப்பு அவளுக்கு இன்னும் இருக்கு பாத்தியளா?"

"பொன்செல்வி, பிள்ளையத் தூக்கிக்கிட்டு இப்பமே எங்க வீட்டுக்கு வா."

"எதுக்குக்கா?"

"வான்னு சொல்லுதேன்!"

அந்தப் பக்கம் அவள் சிரிப்பு நின்றது. பிள்ளை விசும்பும் சத்தம் கேட்டது.

"இவ வேற இன்னைக்கு அழுதுக்கிட்டே எந்திரிச்சிருக்கா," என்றாள். "கேட்டா, அப்பா கைய எடுத்துட்டாவன்னு சொல்லுதா."